பட்டப்பகலில் தைத்த ராத்திரி

கல்லூரி ஆண்டு மலருக்கு என் மனைவியிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அவள் எடுத்த எட்டு நிமிடப் படம் எப்படி உருவானது என்று அவளே எழுதித் தர வேண்டுமாம். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள்.

"எனக்குத் தைக்கத் தெரியும், படம் எடுக்கத் தெரியும். எழுதறது உங்க வேலை. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கே கதை சொல்லி உட்கார வைக்கிறவராச்சே நீங்க."

அது உண்மைதான். நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் இருப்பவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே வேலை பார்ப்பது எனக்குக் கைவந்த கலை. நான் பேச்சை நிறுத்தினால் உள்ளே யாராவது அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பழியை அவள் தலையில் போடுங்கள்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் 'கர்ட்டன் அக்கா' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கீழே கடை, மேலே தையலறை. இரண்டு மெஷின், ஒரு நீள மேசை, மேற்குப் பக்கம் ஆளுயர ஜன்னல். இருபத்திரண்டு வருடமாக ஊரார் ஜன்னல்களை மூடுவதுதான் அவள் பிழைப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைந்து அளவு நாடாவை நீட்டும் நேரத்துக்குள், வெயில் எப்போது எந்தப் பக்கம் வரும், வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பார்கள் என்பதிலிருந்து யார் யாருடன் பேசுவதில்லை என்பது வரை கண்டுபிடித்துவிடுவாள். எப்படி என்று கேட்டால், "பாதி மட்டும் இழுத்துவிட்ட கர்ட்டன் சும்மா இருக்காதுங்க" என்பாள். எனக்கு இன்றுவரை அது விளங்கியதில்லை.

வெளிச்சம் புகாத திரைகள் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடைக்காரர்கள் அந்தத் துணியை 'பிளாக்அவுட்' என்பார்கள். பகலில் தூங்குகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தலைவலிக்காரர்கள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள். என் தம்பி ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரன். அவன் அறைக்கு அவள் தைத்துக் கொடுத்த திரையை மூடினால், நண்பகலில்கூட நீட்டிய கை தெரியாது.

அந்தத் துணிக்கு ஒரு குணம் உண்டு. அதன் முதுகில் ரப்பர் போல ஒரு பூச்சு இருக்கும். சாதாரணத் துணியில் தப்பாகத் தைத்துவிட்டால் தையலைப் பிரித்து, நகத்தால் தேய்த்துவிட்டால் ஊசி போன ஓட்டை மூடிக்கொள்ளும். இதில் மூடாது. ஒருமுறை ஊசி போனால் போனதுதான். அதனால் இந்தத் துணியை எந்தத் தையல்காரியும் பிரிக்கவே மாட்டாள். தப்பாகிவிட்டால் துண்டு துண்டாக வெட்டி வேறு எதற்காவது வைத்துக்கொள்வாள். இது எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் போனதால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை முழுக்க.

கல்லூரியில் படம் போட்டுக் காட்டும் அறைக்குத் திரை மாட்டப் போனவள், அங்கேயே ஒட்டிக்கொண்டாள். ஒரே நாளில் முடிகிற வேலை. நான்கு நாள் இழுத்தாள். கீழே வகுப்பு நடக்கும், இவள் ஏணி மேல் நின்றுகொண்டு ஒரே வளையத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டியபடி பாடம் கேட்பாள். நாலாம் நாள் ஏணியிலிருந்தே கேட்டுவிட்டாள்.

"சார், இந்தப் படிப்புக்கு வயசு வரம்பு இருக்கா?"

துறைத் தலைவர் அண்ணாந்து பார்த்தார். "யாருக்கு? உங்க பொண்ணுக்கா?"

"எனக்குத்தான் சார்."

வகுப்பே சிரித்ததாம். ஆனால் விதிப்புத்தகத்தைப் புரட்டினால் வயது வரம்பு என்று ஒரு வரிகூட இல்லை. தலைவர் வேறு வழியில்லாமல் 'சிறப்பு அனுமதி' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்து நாலு வயதில் என் மனைவி மாணவியானாள்.

நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். கடையை யார் பார்ப்பது, வீட்டை யார் பார்ப்பது, ஊர் என்ன சொல்லும் என்று ஒரு மூச்சு கத்தினேன். எங்கள் ஒரே மகள் அப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, பயந்து போய் வருகிறவர்களைச் சமாளிக்கிற வேலை. என்னையும் அதே குரலில் சமாளித்தாள்.

"அம்மா படிச்சா உங்களுக்கு என்னப்பா குறைஞ்சு போயிடும்?"

"சாப்பாடு" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று முதல் வாரத்தில் மூன்று நாள் சமையல் என் பொறுப்பு என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

காலையில் வகுப்பு, மதியத்துக்குமேல் கடை என்று ஒன்றே முக்கால் வருடம் ஓடியது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு படம் இயக்க வேண்டும். வெளியிலிருந்து மூன்று நடுவர்கள் வந்து பார்த்துத் தேர்ச்சி சொல்வார்கள். மற்றவர்கள் தோற்றால் அடுத்த வருடம் இன்னொரு படம் எடுக்கலாம். சிறப்பு அனுமதியில் வந்தவளுக்கு அந்த வசதி இல்லை. ஒரே படம், ஒரே தடவை. தேறாவிட்டால் படித்த படிப்பெல்லாம் காற்றோடு போய்விடும். வீட்டில் மூவருக்கும் இது மனப்பாடம்.

அந்த வருடம் கொடுத்த தலைப்பு: ஒரு சிறுவர் கதையை எடுத்து 'நுவார்' படமாக மாற்ற வேண்டும். அது என்ன என்று கேட்டேன். "இருட்டும் குற்றமுமா இருக்கும்ங்க. யாரையும் நம்ப முடியாது. வெளிச்சம் கோடு கோடா விழும். எல்லாரும் எதையோ மறைச்சுக்கிட்டே பேசுவாங்க" என்றாள். நம் சொந்தக்காரர்கள் கூடும்போது இருக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எடுத்துக்கொண்ட கதை, எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கிய படப் புத்தகத்தில் இருந்தது. தூக்கம் வராத ஒரு ராஜா. அவன் ஒரு தையல்காரியைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு ராத்திரியைத் தைத்துக் கொடு என்கிறான். அவளும் தைத்துக் கொடுக்கிறாள். ராஜா அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் விரலில் இருந்த மோதிரத்தையும் காணோம். மந்திரி தையல்காரியைச் சபையில் கொண்டுவந்து நிறுத்துகிறான். அவள் நிமிர்ந்து, வாயைத் திறந்து...

அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தை எங்கள் மகள் மூன்று வயதில் கிழித்துவிட்டாள். பாதியைத் தின்றும்விட்டாள். அதன் பிறகு தினமும் படுக்கும்போது என் மனைவி ஒவ்வொரு முடிவு சொல்வாள். எதிலும் மகளுக்குத் திருப்தி இருக்காது. "இல்லம்மா, இது இல்ல" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள்.

படத்தில் ராஜா ஒரு விடுதி முதலாளியானான். மந்திரி விடுதி மேலாளர். தையல்காரி திரை தைக்கிறவள். மோதிரம் பெட்டகத்தின் சாவி. திரை மூடிய அறையில் முதலாளி செத்துக் கிடக்கிறார், சாவியைக் காணோம், கடைசியாக உள்ளே போனவள் திரை மாட்ட வந்தவள்தான் என்று மேலாளர் சத்தியம் செய்கிறார். ஒரு விசாரணை அதிகாரி வருகிறார். இதுவரை நன்றாகவே இருந்தது. முடிவுதான் உதைத்தது. அதிகாரி இரக்கப்பட்டு அவளை விட்டுவிடுவதாக எழுதியிருந்தாள். அவளுக்கே பிடிக்கவில்லை.

துறைத் தலைவருக்கும் பிடிக்கவில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அஞ்சு மணி'. காலை ஒன்பதுக்கு வாங்கிப்போன கேமராவை மாலை ஐந்துக்குள் அவர் அலமாரியில் வைத்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒரே நாள்தான் கேமரா. ஐந்து அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் அந்தப் படத்தை அவர் நடுவர்களுக்கு அனுப்பமாட்டார்.

"முடிவு சப்புன்னு இருக்கு. அதை விடுங்க" என்றாராம். "மொத்தக் கதையும் ராத்திரியில நடக்குது. கேமரா அஞ்சு மணிக்கு இங்க இருக்கணும். என்னம்மா பண்ணப் போறீங்க? பேசாம தோட்டத்துல நடக்கிற காமெடியா மாத்திடுங்க."

"ராத்திரியை நான் தைச்சுக்கறேன் சார்" என்றாள் இவள்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு களை இருந்ததில்லை.

ஒரு வாரம் மேல்மாடி அமளிதுமளிப்பட்டது. மெஷின்களை ஓரம் கட்டினோம். எங்கள் கட்டிலைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினேன். நாங்கள் தரையில் படுத்தோம். மேற்கு ஜன்னலையும் அதை ஒட்டிய சுவரையும் முழுக்க மூட நான்கு பெரிய திரைகள் வேண்டும். இரண்டை அவள் தைத்தாள். படப்பிடிப்புக்கு முந்தின நாள் அதிசயமாக மதியமும் வகுப்பு இருந்தது. மீதி இரண்டையும் வெட்டி, குண்டூசி குத்தி என்னிடம் கொடுத்தாள்.

"நேர்த் தையல்தாங்க. ஓரம் மட்டும் அடிச்சுடுங்க. வழவழன்னு இருக்கிற பக்கம் ஜன்னலைப் பார்க்கணும், மறந்துடாதீங்க."

"லிஃப்டையே ஏத்தி இறக்கறேன். ஓரம் அடிக்கத் தெரியாதா?" என்று வீராப்புப் பேசினேன்.

மறந்தேன். இரண்டையும் தலைகீழாக, வழவழப்பு உள்ளே வருகிற மாதிரி மடித்துத் தைத்துவிட்டேன். முடித்து உதறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் வருவதற்குள் உட்கார்ந்து தையல் முழுவதையும் பிளேடால் பிரித்து, மாற்றி மடித்து, திரும்ப அடித்தேன். புதுத் தையல் பழைய வரியில் விழாமல் இரண்டு விரல் தள்ளி விழுந்தது. மடித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போய் டீ போட்டேன்.

படப்பிடிப்பு நாள் காலை ஒன்பதே காலுக்குக் கேமரா வந்து சேர்ந்தது. கேமராவுக்கு அவள் வகுப்புத் தோழி ஒருத்தி. ஒல்லியாக, உயரமாக, ஒரு இடத்தில் நின்றால் அசையமாட்டாள். அதனால் முக்காலி என்று பெயர். இயக்குநர் 'கட்' சொல்லும்வரை வீடே இடிந்தாலும் கேமராவை நிறுத்தமாட்டாள் என்பது அவளைப் பற்றிக் கல்லூரியில் ஒரு பேச்சு. விசாரணை அதிகாரியாக நடிக்க இன்னொரு தோழன், ஒட்டுமீசையோடு வந்தான். மீசை என்றே கூப்பிட்டோம். இவர்களுக்கு என் மனைவி அக்கா, ஆகவே நான் மாமா ஆகிவிட்டேன்.

தையல்காரி வேடம் எங்கள் மகளுக்கு. மேலாளர் வேடம் எனக்கு. என்னிடம் ஒரே ஒரு கோட்டு இருந்ததுதான் தகுதி. செத்துப்போன முதலாளியாக என் தம்பி. வேலை முடிந்து நேராக வந்தவன் கட்டிலில் சாய்ந்தான், இரண்டு நிமிடத்தில் உண்மையாகவே தூங்கிவிட்டான். அன்று முழுக்க அவன் செய்த ஒரே தவறு குறட்டை. அதை முக்காலி பிறகு ஒலியில் அழித்துவிட்டாள்.

என் மனைவியை நான் அதற்குமுன் வேலை செய்யும்போது பார்த்ததே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. திரைகளை மூடி, ஒரே ஒரு மேசை விளக்கை வைத்தாள். பட்டை பட்டையாக இருக்கும் ஜன்னல் மறைப்பு ஒன்றை விளக்கின் முன் தொங்கவிட்டாள். சுவர் முழுக்கக் கோடு கோடாக வெளிச்சம். இஸ்திரிப் பெட்டியின் ஆவியை விளக்குக்கு முன்னால் விட்டாள், அறை பனி மூடிய மாதிரி ஆனது. துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை என் கையில் கொடுத்து, படிக்கட்டுக் கண்ணாடியில் மழை பெய்யச் சொன்னாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே அடைமழை, நடுநிசி. "இன்னும் கொஞ்சம் சாய்வாப் பெய்யுங்க" என்று எனக்கு உத்தரவு வேறு.

மதியம் இரண்டு மணிக்குள் படிக்கட்டும் நடைவழியும் முடிந்தன. பாக்கி இருந்தது அறைக்குள் நடக்கும் கடைசிக் காட்சி. அதிகாரி நடுவில் நிற்கிறார், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் மகள், கட்டிலில் தம்பி. இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். விளக்கைச் சரிசெய்தோம். இரண்டரைக்கு 'ஸ்டார்ட்' சொன்னாள்.

மீசை வசனத்தை ஆரம்பித்தான். அதே நேரம் சூரியன் மேற்கு ஜன்னலுக்கு வந்தது.

முதலில் தம்பியின் நெற்றியில் ஒரு வெளிச்சப் பொட்டு. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை, அதன் கீழே இன்னொரு வரிசை. எதிர்ச் சுவரில், கட்டிலில், என் மகள் கழுத்தில், மீசையின் மீசையில், நூற்றுக்கணக்கில் வட்ட வட்டமாக வெளிச்சம். நான் பிரித்த தையலின் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

என் மனைவி திரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சுவரில் விழுந்த வரிசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். மெதுவாகத் திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"இதை யாரு பிரிச்சது?"

 மீசை என்னைப் பார்த்தான். மகள் என்னைப் பார்த்தாள்.  கோட்டுக்குள் வியர்த்து வழிந்தது.

"நான்தான்" என்றேன் கடைசியில்.

"ஏன்?"

"மாத்தித் தைச்சுட்டேன். நீ திட்டுவேன்னு பிரிச்சு..."

"பிளாக்அவுட்டைப் பிரிச்சீங்களா?" அவள் குரல் உடைந்தது. "இந்தத் துணியைப் போய் யாராவது பிரிப்பாங்களா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ரெண்டு வருஷங்க! ரெண்டு வருஷம்!"

கடைக்கு ஓடித் துணி வாங்கி வருகிறேன் என்றேன். போக வர ஒரு மணி நேரம், தைக்க இரண்டு மணி நேரம். கணக்குப் போட்டவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபத்திரண்டு வருடத்தில் வேலைக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மகள்தான் முதலில் அசைந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிலில் விழுந்த பொட்டுகளைக் காட்டினாள். "அழகாத்தாம்மா இருக்கு. இப்படியே எடுத்துடேன்."

"ராத்திரியில எங்கடி வெயில் அடிக்கும்? பார்க்கிறவங்க கேக்க மாட்டாங்களா? பிளாக்அவுட்ல எப்படி ஓட்டை வந்துச்சுன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்தாள். எழுந்து திரைக்குப் போய், அந்த ஓட்டை வரிசையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

"என்னங்க, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? பிரிச்சா ஓட்டை மூடாதுன்னு?"

"சத்தியமாத் தெரியாது."

"அதான். தெரிஞ்சவங்க பிரிக்க மாட்டாங்க. தெரியாதவர்தான் பிரிப்பார்."

இதைச் சொல்லும்போது அவள் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நூல்கண்டு அட்டைப் பெட்டியைக் கிழித்தாள், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள், மேசை மேல் குனிந்து எழுத ஆரம்பித்தாள். எட்டு நிமிடம். மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது முடிவு இதுதான். ராத்திரி விசாரணை விடியும்வரை நீள்கிறது. வெளியே பொழுது விடிந்ததும், வெளிச்சமே புகாத அந்த அறைக்குள் இந்தப் பொட்டுகள் வருகின்றன. அதிகாரி திகைக்கிறார். அதுவரை வாயே திறக்காத தையல்காரி நிமிர்கிறாள்.

மகளுக்கு வசனம் இரண்டே வரி. ஒரே தடவையில் சொல்லிவிட்டாள்.

"இதை யாரோ பிரிச்சுத் தைச்சிருக்காங்க சார். தையல்காரி எவளும் இந்தத் துணியைப் பிரிக்க மாட்டா."

அதிகாரி திரையின் ஓரத்தைக் கிழிக்கிறார். மடிப்புக்குள்ளிருந்து சாவி விழுகிறது. அதை அங்கே ஒளித்துத் தைத்த மேலாளரை எல்லாரும் பார்க்கிறார்கள். மூன்று வயதில் பக்கத்தைக் கிழித்தவளே அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. காட்சி முடிந்ததும் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "இதாம்மா, இதான் முடிவு" என்றாள். இத்தனை வருடம் கழித்துத் திருப்தி.

நாலு இருபதுக்குக் கடைசி ஷாட் முடிந்தது. கேமராவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு முக்காலி என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். அன்று நான் ஓட்டிய ஓட்டத்தைக் கண்டிருந்தால் என் உரிமத்தைப் பிடுங்கியிருப்பார்கள். நாலு ஐம்பத்தாறுக்கு அலமாரி முன் போய் நின்றோம். 'அஞ்சு மணி' கடிகாரத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார். "கொலைகாரன் சார்" என்றேன் மூச்சு வாங்கியபடி.

ஆறு வாரம் அவள் எடிட்டிங் அறையில் கிடந்தாள். பிறகு நடுவர்கள் வந்தார்கள். அவள் கையாலேயே திரை மாட்டிய அதே அறை. நானும் மகளும் கடைசி வரிசை. தம்பிகூட அன்று விழித்திருந்தான். மாணவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. இருட்டே தெரியாத நீல ராத்திரிகள், யார் யார் என்று விளங்காத கொலைகள். ஏழாவதாக இவள் படம்.

முதல் ஷாட்டில் படிக்கட்டும் மழையும் வந்தபோது முன்வரிசையில் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அந்தப் பொட்டுகள் வந்தன. தம்பியின் நெற்றி, சுவர், கட்டில், என் மகளின் கழுத்து.  "தையல்காரி எவளும்" என்று மகள் சொல்லி முடித்ததும், எல்லாரும் திரும்பிப் பார்க்கும் மேலாளரின் முகம் திரை முழுக்க வந்தது.

அது நான் நடித்த முகம் இல்லை. 'இதை யாரு பிரிச்சது' என்று அவள் கேட்டபோது இருந்த முகம். அவள் 'கட்' சொல்ல மறந்துவிட்டாள். முக்காலி வழக்கம்போல நிறுத்தவில்லை, என் பக்கம் பார்த்திருந்த கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திருட்டு முழி முழித்துக்கொண்டு, வியர்வை வழிய நின்றேன்.

விளக்கைப் போட்டதும் கைதட்டல் நிற்கவில்லை. நடுவர்களில் ஒருவர், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த ஒரு படத்தொகுப்பாளர் அம்மா, எழுந்து நின்று, "இதை இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டார்கள். வேறு எந்தப் படத்தையும் இரண்டாம் முறை போடவில்லை. அதன் பிறகு அவர் கேட்டார்: "அந்த மேலாளர் எந்த நாடகக் குழு? குற்ற உணர்ச்சியை இவ்வளவு சுத்தமாக் காட்டி நான் பார்த்ததில்லையே."

"லிஃப்ட் மெக்கானிக்" என்றாள் என் மனைவி. அறையே சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

துறைத் தலைவர் கேட்டார். "இந்த முடிவு நீங்க எங்கிட்டக் காட்டின கதையில இல்லையே?"

"இல்ல சார். படம் எடுக்கும்போது ஒரு தப்பு நடந்துச்சு. அந்தத் தப்புதான் முடிவு."

 அவர் தேர்ச்சித் தாளை அவளிடம் நீட்டி, "வாங்க டைரக்டர், கையெழுத்துப் போடுங்க" என்றார். இரண்டு வருடமாக 'அம்மா' என்றும் 'நீங்கதான் கர்ட்டனா' என்றும் கூப்பிட்ட வாய் அது. அந்த வருடம் முதலிடம் பெற்ற படமும் அவளுடையதுதான். நான் விசில் அடித்தேன். என் வயதுக்கு அது கூடாதுதான். இரண்டு விரலையும் வாயில் வைத்து அடித்தேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டுத்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

அந்த முந்தின நாள் மதியம், பிரித்துத் தைத்து முடித்ததும் நான் திரையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகள் தெரிந்தன. மணி நாலு. துணிக்கடை ஏழு வரை திறந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. திட்டுக்குப் பயந்து என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். இந்தப் படம் கவிழ்ந்தால் இவள் பழையபடி கீழே கடையில் உட்காருவாள், சாப்பிடும்போது ஷாட்டைப் பற்றிப் பேசாமல் என்னைப் பற்றிக் கேட்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நொடிதான். அந்த நொடியில்தான் திரையை மடித்து மேசை மேல் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை நேற்று மாலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மெஷினில் இருந்தாள். கடைசிப் பத்தியை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெஷின் நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம்தான். அந்த முகத்தை ஆறு வாரம் எடிட் பண்ணேன். ஒரு நாளைக்கு அம்பது தடவை பார்த்திருப்பேன். திட்டுக்குப் பயந்தவர் முகமா அது? உங்களை எனக்குத் தெரியாதா?"

 அவள் துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தை ஆரம்பித்தாள்.

"அந்த ஷாட் மொத்தம் நாப்பது நொடிங்க. படத்துல பதினொண்ணுதான் வெச்சேன்."

"மிச்சம்?"

"முதல் பதினொண்ணுல தப்புப் பண்ண ஆளோட முகம். அதுக்கப்புறம் நான் தரையில உட்கார்ந்து அழறேன் இல்ல, அப்போ உங்க முகம் வேற. அது மேனேஜருக்குப் பொருந்தாது. அவனுக்கு ஏது வருத்தம்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதை வெட்டி எடுத்து நான் வெச்சிருக்கேன். யாருக்கும் காட்டல."